தனசிங் ஜெபத்தை முடிப்பதற்குள்

தனசிங் முழங்கால் போட்டு, "அன்பும் இரக்கமுமுள்ள பரம பிதாவே" என்று தொண்டையைத் திறந்துவிட்டால் முடிக்க இருபது நிமிஷம் ஆகும், இருபத்தைந்தும் ஆகும், வாசலில் ஆள் வந்து நின்றாலும் சரி, அடுப்பில் குழம்பு அடிபிடித்தாலும் சரி, மனுஷன் கண்ணைத் திறக்கமாட்டார். பியூலாவுக்கு இது கல்யாணமான மறுநாளே தெரிந்துபோயிற்று. தூத்துக்குடியில் மின்வாரியக் குடியிருப்பில் மாடி வீடு. சாயங்காலம் ஏழரைக்குப் பாயை விரித்து ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு அவர் ஜெபம், அடுத்தது அவள், அடுத்தது மகள் ஹெப்சி, கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், அப்புறம்தான் சோறு. அவர் ஜெபம் டவுன் பஸ் மாதிரி, ஒரு நிறுத்தத்தையும் விடாது. முதலில் நாட்டுத் தலைவர்கள், பிறகு எல்லையில் நிற்கிற ராணுவம், மழை, உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், வடக்கே ஊழியத்துக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் பேர் பேராக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், சபை, பாஸ்டர் ஐயா, கடைசியாகத்தான் சொந்த வீட்டுக்கு வந்து சேருவார். வந்து சேர்ந்துவிட்டால் அடுத்தது அவள் முறை. மற்ற நாளில் எப்போதடா வீட்டுக்கு வருவார் என்றிருக்கும், முழங்கால் சில்லு அப்படி வலிக்கும். இன்றைக்கு அவர் நாட்டுத் தலைவர்களிடமே நின்றுவிட்டால் தேவலை என்று இருந்தது. ஏனென்றால் இன்றைக்கு வியாழன், வெள்ளி சனி போனால் ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருகிறார், இருபத்துமூன்று பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் கொடுத்தபோது அப்பா அம்மா பிள்ளைக்காகச் சொன்னதையெல்லாம் பிள்ளை வளர்ந்து தன் வாயாலேயே சொல்லுகிற நாள். அந்த இருபத்துமூன்றில் ஒரே ஒரு பிள்ளை தன் விசுவாசத்தைச் சொல்லுகிற சாட்சியைச் சபை முன்னால் வாசிக்கப் பாஸ்டர் ஐயா தெரிந்தெடுத்திருக்கிறார், அது ஹெப்சியுடையது, அதை எழுதினது ஹெப்சி இல்லை. பியூலா எழுதினாள். இது தனசிங்குக்குத் தெரியாது. அவர் மழைக்கு வந்துவிட்டார்.

மழை வேண்டும் ஆண்டவரே, உப்பு விளைவிக்கிறவர்களுக்கு மழை வேண்டாம் ஆண்டவரே, இரண்டு பேருக்கும் பாதிப்பில்லாமல் உம்முடைய சித்தத்தின்படி, என்று அவர் நியாயமாகப் பிரித்துக் கொடுத்துக் கொண்டிருந்தார். அட, இவர் ஒருத்தர். பியூலாவின் இடது காலில் கொசு உட்கார்ந்தது, அடித்தால் சத்தம் கேட்கும், விட்டுவிட்டாள், கடிக்கட்டும், எனக்கு வேணும். போன வாரம் வெள்ளிக்கிழமை இதே நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அது நடந்தது. இவர் வேலையிலிருந்து வரவில்லை. திடப்படுத்தல் வகுப்பில் கொடுத்த தாள், மேலே பாஸ்டர் ஐயா கையெழுத்தில் 'இயேசு எனக்கு யார்? சொந்த வார்த்தையில் ஒரு பக்கம்' என்று இருந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டும், எழுதிவிட்டாயா என்று கேட்டதற்கு ஹெப்சி பேசாமல் நீட்டினாள். மூன்று வரி. எனக்கு அவரைச் சரியாகத் தெரியாது. இதுவரை மற்றவர்கள் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான், கீழே பேர், தேதி. பியூலா இரண்டு தடவை வாசித்தாள். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர், மூன்று வருஷமாக அதற்கே தலைமை, ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் இயேசுவைச் சொல்லிக் கொடுக்கிறவள், அவள் பெற்ற பிள்ளை அவரைத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? "ஏட்டி, இத யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றாள். இப்போது யோசித்தால் அதுதான் உறைக்கிறது, முதலில் வாயில் வந்தது அதுதான், என்ன நினைப்பாங்க. ஏன்மா இப்படி எழுதியிருக்கே என்று வரவில்லை. தாளைக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள், நாலும் போதாமல் எட்டாக. புதுத்தாள் எடுத்து அடுப்பங்கரை மேடையில் நின்றபடியே எழுதினாள், முக்கால் மணி நேரம், எழுத எழுத அவளுக்கே கண்ணீர் வந்தது, அவ்வளவு நன்றாக வந்தது. ஹெப்சி அதை உருண்டை உருண்டையான கையெழுத்தில் பார்த்து எழுதினாள். பாதியில் மட்டும் பேனாவை நிறுத்தி, "ரூபன் மாமாவப் பத்தி இதுல எதுக்கும்மா?" என்று கேட்டாள். "அதுதான் மனசத் தொடும்" என்று பியூலா சொன்னாள். அப்படியேதான் சொன்னாள், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஊழியத்துக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள், ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லுகிறார், அவர்கள் பிள்ளைகள் பேரும் சொல்லுகிறார், எப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறாரோ, வீட்டில் தயிர் வாங்கச் சொன்னால் மறந்துவிடும். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ ஒருத்தி அழுகிறாள், தினம் இந்த நேரத்துக்கு அழுவாள். பியூலா ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள். ஹெப்சி எதிரே முழங்காலில்தான் இருந்தாள், கண் மூடித்தான் இருந்தது, கீழுதட்டைப் பல்லால் பிடித்திருந்தாள். பதினைந்து வயசு. கழுத்து நீளம், காது எல்லாம் அப்படியே ரூபன். நான் என்ன குறை வைத்தேன்? இரண்டரை வயசில் முதல் வேதவசனம் சொல்ல வைத்தேன். வசனம் சொன்னால்தான் தோசை, அதுதான் இந்த வீட்டுச் சட்டம். தோசை கல்லில் வெந்து கொண்டிருக்கும்போதே மழலையில் கடகடவென்று சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள். பிள்ளை சிக்கிக்கொண்டால் முதல் வார்த்தையை இவள் எடுத்துக் கொடுப்பாள், சபை வசனப் போட்டியில் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஆனாலும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைப்பாள், பிள்ளையின் கண் மேடையிலிருந்து நேரே அம்மா உதட்டுக்குத்தான் வரும். பரிசாக வந்த எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பீரோ மேல் அடுக்கு முழுக்க இருக்கிறது. சபையில் மற்ற அம்மாமார் கேட்பார்கள், எப்படி டீச்சர் உங்க பிள்ளைய இப்படி வளர்த்திருக்கீங்க? இவள் என்ன சொல்லுவாள், எல்லாம் ஆண்டவர் கிருபை என்பாள், சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சை மனசுக்குள் தின்று கொண்டிருப்பாள். ஒரு தடவை, ஐந்து வயசோ ஆறோ, பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ பேசிக் கொண்டிருந்தது, ஸ்கூலில் தன் ரப்பரை எடுத்தவள் யார் என்று, அவளை அடிக்க வேண்டாம், ரப்பரை மட்டும் வாங்கித் தாங்க என்று. யார்கிட்டட்டி பேசுத என்றதற்கு இயேசப்பாகிட்ட என்றது. பியூலா என்ன செய்தாள்? இயேசப்பாகிட்ட இப்படியா பேசுவாங்க, முழங்கால் போடு, கைய கூப்பு, முதல்ல ஸ்தோத்திரம் சொல்லு, அப்புறம் கேளு என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளையும் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசி அவள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி. தனசிங் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் வார்டு வார்டாகப் போவார். கிட்னிக்கு டயாலிசிஸ் செய்கிற சகோதரர்களை நினைத்தருளும் என்றார், பியூலா முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றினாள், நாலு வருஷமாகியும் அந்த வார்த்தைக்கு அப்படித்தான். ரூபன் அவள் தம்பி. துறைமுகத்தில் விசைப்படகு மெக்கானிக், கை எப்போதும் டீசல் நாற்றம். ஹெப்சியை பைக் டேங்க் மேல் உட்கார வைத்துக் கடற்கரை ரோடு முழுக்கச் சுற்றுவான், சபைக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும், ஆனால் இந்தப் பிள்ளை என்றால் உயிர். கிட்னி போய் அவன் படுத்தபோது ஹெப்சிக்குப் பதினொரு வயசு. சின்னப் பிள்ளைங்க ஜெபத்த ஆண்டவர் தள்ளவே மாட்டார், நீ கேட்டா மாமா எந்திரிச்சுருவான் என்று சொன்னது யார்? இதே வாய்தான். பிள்ளை இருபத்திரண்டு நாள் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து முகம் கழுவி உட்கார்ந்து கேட்டது. இருபத்துமூன்றாம் நாள் புதன்கிழமை அவன் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு வீடு நிறைய ஆள், பியூலா காபித் தம்ளர்களைக் கழுவிக் கொண்டிருந்தாள், ஹெப்சி பின்னால் வந்து நின்று முந்தானையைப் பிடித்து, "நான் ஏதும் தப்பா ஜெபிச்சுட்டனாம்மா?" என்று கேட்டாள். அதெல்லாம் ஆண்டவர் சித்தம், போ, சித்திக்குத் தண்ணி கொண்டு குடு. அந்தப் பதிலைத்தான் சொன்னாள். தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள் பிள்ளை. மறுபடி கேட்கவில்லை. அழவும் இல்லை, பாரு எவ்வளவு பக்குவம் என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு மாசம் குடும்ப ஜெபத்தில் முறை வந்தால் வாயைத் திறக்காமல் இருந்தாள், தனசிங் ஒரு மாதிரி பார்த்தார், அதனால் பியூலா ஒரு நோட்டில் ஜெபம் ஒன்று எழுதிக் கொடுத்தாள், பதினொரு வரி, ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து எல்லாருக்காகவும் வேண்டி முடிகிற மாதிரி. நாலு வருஷமாக இந்த வீட்டில் ஹெப்சி சொல்லுவது அந்தப் பதினொரு வரிதான், ஒரு எழுத்து மாறியதில்லை. பியூலாவுக்கு அது தெரியும், தெரிந்தும் நிம்மதியாகத்தான் இருந்தாள், நல்ல வரிகள்தானே. போன வெள்ளிக்கிழமை அதே கையால்தான் எழுதினாள், என் மாமா மரித்தபோது இயேசு என் கண்ணீரைத் துடைத்தார் என்று. ஐயோ, யார் துடைத்தது? எந்தக் கண்ணீரை?

இன்றைக்குக் காலையில் பின்னல் போட்டுவிடும்போது ஹெப்சி சொன்னாள். தலையைத் திருப்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை நான் அத வாசிக்க மாட்டேம்மா." பியூலாவுக்குச் சுருக்கென்று வந்தது. "ஏட்டி, பேராயர் வாராங்க, அப்பா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, வெள்ளச் சேலைக்கு ஜாக்கெட் தச்சு வந்தாச்சு, இப்ப வந்து வாசிக்க மாட்டேங்க." "வாசிச்சேன்னா அதுக்கப்புறம் என்னால அவர்கிட்ட பேசவே முடியாது." "யார்கிட்ட, பாஸ்டர் ஐயாகிட்டயா? அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க." "இயேசப்பாகிட்டம்மா." ரிப்பனைக் கையில் பிடித்தபடி பியூலா நின்றாள். இயேசப்பா என்கிற வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்டு நாலு வருஷம் ஆயிற்று, நோட்டில் எழுதிக் கொடுத்ததில் கர்த்தாவே என்றுதான் இருக்கும். "அவருக்கு முன்னாடி நின்னுட்டு பொய் சொல்லிட்டு எப்படிம்மா? என்னைக்காவது பேசலாம்னு வச்சிருக்கேன்" என்றாள், ஸ்கூல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். என்னைக்காவது பேசலாம்னு வச்சிருக்கேன். அதைக் கேட்டதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை, குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டாள். அவரை உண்டு என்று நினைக்காத பிள்ளைக்கு அவர் முன்னால் பொய் சொல்ல எதற்குப் பயம்? ஒன்றுமில்லாத இடத்தில் யாரும் பயப்படுவதில்லை. நான் வாயில் திணித்ததையெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் அவருக்கென்று ஒரு இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறாள் பிள்ளை. அந்த இடத்திலும் என் எழுத்தைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தேனே, பாவி. ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தப் பக்கத்தை வாசித்தால் சபை அழும், பேராயர் தலையில் கை வைப்பார், எல்லாரும் டீச்சர் டீச்சர் என்று சுற்றிக்கொள்வார்கள், அதோடு இந்தப் பிள்ளை அவரிடம் போகிற வழி அடைபட்டுப்போகும்.

பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் முடிந்து சபைக்கு வந்துவிட்டார். இன்னும் மிஞ்சினால் நாலு நிமிஷம். சொல்லிவிடலாம், சாப்பிட்டதும் தனியாகச் சொல்லலாம். சொன்னால் முதலில் நம்பமாட்டார், பிறகு என்னத்துக்கு இப்படிச் செஞ்ச என்று ஆரம்பித்து, பேச விடாமல், கடைசியில் சரி போனது போகட்டும், வாசிச்சு முடிச்சுரட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்பார், சபைக் கமிட்டி மெம்பர் ஆயிற்றே, மானம் இருக்கிறதே. எனக்கு மட்டும் இல்லையா? பாஸ்டர் ஐயாவிடம் போய் என்ன முகத்தோடு சொல்லுவது? ஓய்வுநாள் பள்ளி சாவியை வாங்கிக் கொள்வார்கள். வாங்கட்டும். வாங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என்ன செய்வேன்? இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லுவது. பியூலாவுக்கு நாவடக்கத்தைத் தாரும் ஆண்டவரே என்று அவர் எத்தனை தடவை இவள் பக்கத்திலேயே முழங்காலில் நின்று கேட்டிருக்கிறார். செலவாளி கையைக் கட்டுப்படுத்தும் ஆண்டவரே என்று இவளும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஜெபத்தில் சொன்னால் குறுக்கே பேசக் கூடாது, ஆமென் வருகிறவரை பொறுக்கத்தான் வேண்டும், யாராக இருந்தாலும். அவர் குரல் இளகியது, வீட்டுக்கு வந்துவிட்டார். "எங்கள் மகளுக்கு நீர் கொடுத்த நல்ல சாட்சிக்காக உமக்குக் கோடி ஸ்தோத்திரம். ஆண்பிள்ளை இல்லையே என்று ஒருநாளும் நாங்கள் குறைப்பட்டதில்லை ஆண்டவரே, இந்த ஒரு பிள்ளை போதும்" என்றார். அழுகிறார். நிஜமாகவே அழுகிறார் மனுஷன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆமென் என்றார்.

அவள் முறை. "அன்புள்ள" என்று வாய் தன்னால் ஆரம்பித்தது, வார்த்தை எல்லாம் வரிசையில் தயாராக நின்றன, விட்டால் பத்து நிமிஷம் தங்குதடையில்லாமல் போகும், அதிலேயே ஒளிந்துகொண்டு இன்றைய பொழுதைத் தாண்டிவிடலாம். பியூலா நிறுத்தினாள். மின்விசிறி சுற்றுகிறது, பக்கத்து வீட்டுக்காரி அழுது முடித்துவிட்டாள் போல, விளம்பரம் ஓடுகிறது. தனசிங் லேசாகச் செருமினார். "ஆண்டவரே," என்றாள், குரல் கடைத்தெருவில் பேசுகிற குரலாக வந்தது, "அந்தச் சாட்சிய எழுதுனது நான்தான். பிள்ள எழுதுனத நான் கிழிச்சுப் போட்டுட்டேன். அவ உண்மைய எழுதியிருந்தா. எனக்கு மானம்தான் பெருசாத் தெரிஞ்சுது." பக்கத்தில் தனசிங் முழங்காலை மாற்றி வைத்தது தெரிந்தது. "நாளைக்குக் காலையில பாஸ்டர் ஐயாகிட்ட நானே போய்ச் சொல்லிருதேன். எனக்குப் பயமா இருக்கு. ரூபன் செத்த அன்னைக்கு இவ என்கிட்ட ஒண்ணு கேட்டா, நான் தண்ணி கொண்டு குடுன்னு சொல்லிட்டேன். இவ ஒரு தப்பும் செய்யல ஆண்டவரே. அத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்." அதற்கு மேல் என்ன சொல்லி முடிப்பதென்று தெரியவில்லை, பன்னிரண்டு வருஷ டீச்சருக்கு. "ஆமென்" என்றாள்.

தனசிங் குறுக்கே பேச முடியாது, அடுத்த முறை ஹெப்சியுடையது. பதினொரு வரி வரும் என்று பியூலா காத்திருந்தாள். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். ஹெப்சியும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், கை கூப்பவில்லை, முழங்காலிலிருந்து இறங்கிச் சம்மணம் போட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "இயேசப்பா," என்றாள், "மாமாவ ஏன் எடுத்துக்கிட்டீங்க? நான் தினமும் கேட்டேன்ல? உங்களுக்குக் கேக்கலையா?" சொல்லும்போதே குரல் உடைந்து, நாலு வருஷமாக அழாத பிள்ளை விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள், ஸ்தோத்திரமும் இல்லை, ஆமெனும் இல்லை. பியூலாவுக்கு ஓடிப்போய் அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கூடவே பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தனசிங் பதறிப்போனார். பிள்ளை அழுகிறாள், என்ன செய்வதென்று தெரியவில்லை, ஆகவே தெரிந்ததைச் செய்யலாம் என்று பரமண்டல ஜெபத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். பியூலா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொறுங்க," என்றாள். "பிள்ள இன்னும் பேசிக்கிட்டு இருக்கா."